ஆற்றங்கரையில் சைக்கிள் பாதை: எதற்குப் பணம் கேட்பது, எப்போது கேட்பது, யாரிடம் கேட்பது

டெல்டாவில் பாதை ஏற்கெனவே இருக்கிறது. காவிரி, வெண்ணாறு, அரசலாறு, குடமுருட்டி, கல்லணைக் கால்வாய் என்று எதை எடுத்துக்கொண்டாலும் ஒரு கரையிலாவது பொறியாளரின் ஜீப்பும் லஸ்கரின் (கரையையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் துறைப் பணியாளர்) சைக்கிளும் போய்வர ஆய்வுப் பாதை உண்டு. மட்டமான தரை, பல இடங்களில் மர நிழல், லாரி கிடையாது. கும்பகோணம் மாதிரி ஓர் ஊர் வடக்கே காவிரிக்கும் தெற்கே அரசலாற்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து தாராசுரம் நாலு கிலோமீட்டர் அளவு, சுவாமிமலையும் திருபுவனமும் ஏழெட்டு, நாச்சியார்கோவில் பத்து. சைக்கிளுக்கென்றே அளந்து வைத்த தூரங்கள்.

குறை மூன்றுதான். பாலத்தடியிலும் படித்துறையிலும் மதகிலும் பாதை அறுந்துபோகிறது. மழையில் சேறாகிறது. போட்ட பிறகு பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பணத்தையும் இந்த மூன்றுக்குமாகப் பிரித்தே கேட்க வேண்டும். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கடினம், அதனால் முதலில் அதைக் கேளுங்கள். திறப்பு விழாவுக்குப் பணம் தர நாலு பேர் வருவார்கள். இரண்டாவது வருஷம் சீமைக் கருவேலம் வெட்ட ஒருவரும் வரமாட்டார். பராமரிப்புக்கு வழி தெரியாமல் 10 கிலோமீட்டர் போடுவதைவிட, ஐந்து வருஷப் பராமரிப்போடு 2 கிலோமீட்டர் போடுவது மேல்.

கரை யாருடையது

ஆற்றுக்கரையும் பெரிய வாய்க்கால் கரையும் நீர்வளத் துறையின் கையில் இருப்பவை. 2021 வரை பொதுப்பணித் துறைக்குள் இருந்த பிரிவு இது. ஊரில் இன்னும் பி.டபிள்யூ.டி. என்றுதான் சொல்வார்கள். எந்த ஆறு எந்தக் கோட்டத்தில் வருகிறது என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். காவிரி வடிநிலம், வெண்ணாறு வடிநிலம், கல்லணைக் கால்வாய் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் செயற்பொறியாளர்கள். ஒரே நகரத்துக்குள் இரண்டு கோட்டங்களின் கரைகள் வரலாம். ஒரு கோட்டத்தில் வாங்கிய தடையின்மைச் சான்று அடுத்த ஆற்றுக்குச் செல்லாது.

அதற்கு முன் கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டையும் நில அளவை வரைபடமான புலப்படத்தையும் சர்வே எண் வாரியாக எடுத்து, ஆற்றுப் புறம்போக்கு எது, வாய்க்கால் புறம்போக்கு எது, நடுவில் புகும் பட்டா எது என்று ஒரே தாளில் வண்ணம் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். கரை என்று எல்லோரும் நடக்கும் இடத்தில் 30 மீட்டர் பட்டா நிலம் இருக்கும். வேலை பாதி ஆன பிறகு அது தெரியவந்தால் பணம் கருவூலத்தில் நிற்கும், ஒப்பந்தக்காரர் போய்விடுவார். கிராமத்துக்குள் போகும் பகுதிக்கு கிராம சபைத் தீர்மானம் வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்தில் ஆறு நாள். ஒன்றைத் தவறவிட்டால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டிவரும்.

செயற்பொறியாளருக்குப் பயம் ஒன்றுதான். கரையில் கான்கிரீட்டையும் கம்பியையும் போட்டுவிட்டால், உடைப்பு எடுக்கும் இரவில் ஜே.சி.பி. எப்படிப் போகும்? அந்தப் பயம் முழுக்க நியாயமானது. அதனால் விண்ணப்பத்திலேயே நீங்களாக நாலு உறுதி எழுதிக்கொடுங்கள். கரையை வெட்டமாட்டோம், உயரத்தைக் குறைக்கமாட்டோம். ஆற்றுப்பக்கச் சரிவில் மரம் நடமாட்டோம். வண்டி மறிக்கும் தூண்களில் நடுத்தூண் கழற்றும் வகையாக இருக்கும், அதன் சாவி பகுதி லஸ்கரிடம் இருக்கும். வெள்ளக் காலத்தில் துறை எந்த இடத்தையும் தோண்டலாம், நஷ்டஈடு கேட்கமாட்டோம். இந்த நாலும் எழுத்தில் இருந்தால் கோப்பு நகரும்.

கோயில் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயில் போன்ற மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு வெளியே மேலும் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. 2010இல் திருத்தப்பட்ட சட்டம் அப்படிச் சொல்கிறது. சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு ஒரு தகரக் கொட்டகை என்றாலும் அந்த 100 மீட்டரைத் தாண்டியே திட்டமிடுங்கள்.

மயிலாடுதுறைப் பக்கத்தில் அடிக்கடி வரும் யோசனை, 1986இல் நின்றுபோன தரங்கம்பாடி ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கலாம் என்பது. வெளிநாடுகளில் அப்படிச் செய்கிறார்கள், உண்மை. ஆனால் இங்கே அந்த ரயில் மறுபடி ஓட வேண்டும் என்று மக்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கோரிக்கைக்குக் குறுக்கே சைக்கிள் பாதை போய் நிற்கக் கூடாது. ஆற்றங்கரையே போதும்.

ஆற்றின் நாள்காட்டியும் அரசின் நாள்காட்டியும்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும். இருப்பைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும், ஆனால் துறையின் வேலைகள் எல்லாம் இந்த இரண்டு தேதிகளை வைத்தே நடக்கின்றன. கரையில் மண்வேலைக்கு உங்களுக்குக் கிடைப்பது பிப்ரவரி முதல் மே வரை நாலு மாதம். பிப்ரவரியிலும் சம்பா, தாளடி அறுவடை முடியாமல் கதிர் அறுக்கும் இயந்திரமும் டிராக்டரும் அதே கரையில் ஓடும். ஆக உருப்படியான காலம் மார்ச், ஏப்ரல், மே.

அரசின் நிதியாண்டோ மார்ச் 31இல் முடிகிறது. பெரும்பாலான பாதைகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். டிசம்பரில் விண்ணப்பித்து, மார்ச் கடைசியில் பணி ஆணை வாங்கி, ஏப்ரலில் மதிப்பீடு திருத்தி, மே கடைசியில் ஜல்லி இறக்கி, தண்ணீர் வருகிறது என்று அவசரமாக உருட்டிவிட்டுப் போவார்கள். அக்டோபர் மழையில் அது சேறு. அதற்குப் பதில் ஜூலை, ஆகஸ்டில் விண்ணப்பம், ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம், அக்டோபருக்குள் நிர்வாக அனுமதி, டிசம்பரில் டெண்டர், ஜனவரியில் பணி ஆணை. அணை மூடிய மறுவாரம் வேலை தொடங்கும்படி பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டில் விட்டுப்போகிறவை

நகரத்துக்கு வெளியே கரைப்பாதைக்குக் கிராவல்தான் சரி. 2.5 மீட்டர் அகலம், இரண்டு பக்கமும் அரை மீட்டர் புருவம், கெட்டித்த பிறகு 15 சென்டிமீட்டர் கனம். ஒரு கிலோமீட்டருக்குக் கணக்கு: 1000 × 2.5 × 0.15 = 375 கன மீட்டர். உதிரியாக வாங்கும்போது இதற்கு 30 சதவீதம் கூட்டி ஏறக்குறைய 490 கன மீட்டர். லாரிக்காரர் பேசும் கணக்கில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக 173 யூனிட், 6 யூனிட் டிப்பரில் 29 லோடு. இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருந்தால் இறங்கும் லோடுகளை நீங்களே எண்ணலாம். 20 லோடில் கிலோமீட்டர் முடிந்தது என்றால் கனம் 10 சென்டிமீட்டர்தான் வந்திருக்கும்.

டெல்டாவின் வண்டல் மண்ணில் கிராவல் கிடைக்காது. வல்லம், செங்கிப்பட்டிப் பக்கத்து மேட்டுநிலத்திலிருந்து வர வேண்டும். கும்பகோணத்துக்கே 50 கிலோமீட்டருக்கு மேல், மயிலாடுதுறைக்கு இன்னும் தூரம். மண்ணின் விலையைவிட வண்டி வாடகை கூடிவிடும். மதிப்பீட்டில் தூரத்தை உண்மையாகப் போடுங்கள். குறைத்துக் காட்டிய மதிப்பீட்டில் டெண்டர் எடுப்பவர், பக்கத்துக் குளத்துக் களிமண்ணை எடுத்துப் போட்டுவிடுவார். ஒவ்வொரு லோடுக்கும் கனிமவளத் துறையின் நடைச்சீட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள், தணிக்கையில் முதலில் கேட்பது அதைத்தான்.

தண்ணீரும் செலவுதான். வேலை நடக்கும் மாதங்களில் ஆறு வறண்டு கிடக்கும். கிராவலை நனைத்து உருட்ட கிலோமீட்டருக்கு 6,000 லிட்டர் டேங்கரில் எட்டுப் பத்து லோடு வேண்டும். இதை எழுத மறந்தால் உலர உருட்டுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும், முதல் மழை வரை.

இன்னும் இரண்டு. பணியின் அடிப்படை மதிப்போடு ஜி.எஸ்.டி. 18 சதவீதமும் கட்டுமானத் தொழிலாளர் நல நிதி 1 சதவீதமும் சேரும். 10 லட்சம் என்று பேசிய வேலை 11 லட்சத்து 90 ஆயிரம் ஆகிவிடும். நன்கொடையாளரிடம் முதல் நாளே இந்தத் தொகையைச் சொல்லிவிடுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

நமக்கு நாமே திட்டம்தான் சிறு நகரத்துக்கு நல்ல தொடக்கம். பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது, ஏனென்றால் காசு கட்டிய ஊர் அந்தப் பாதையில் லாரியை விடாது.

மக்கள் பங்கைத் திரட்ட நம் ஊரில் புது வழி தேட வேண்டியதில்லை. கோயில் குழல்விளக்கு முதல் பேருந்து நிறுத்தத்துச் சிமெண்டுப் பெஞ்சு வரை உபயம் என்று பெயர் எழுதித்தான் நடந்திருக்கிறது. பாதைக்கும் அப்படியே பிரியுங்கள்: ஒரு யூனிட் கிராவல் ஓர் உபயம், ஒரு கல்தூண் ஓர் உபயம், ஒரு மரக்கன்றும் கூண்டும் மூன்று வருஷத் தண்ணீரும் ஓர் உபயம். மொத்தமாக இத்தனை லட்சம் தேவை என்றால் கேட்பவர் ஒதுங்குவார். 173 யூனிட்டில் 112 வந்துவிட்டது, இன்னும் 61 என்று கடைத்தெருவில் பலகை வைத்தால் துணிக்கடைக்காரரும் பாத்திரக்கடைக்காரரும் தாங்களாகவே வருவார்கள். கல்லில் பெயர் வெட்டும் அளவை முன்கூட்டியே முடிவுசெய்து எல்லோருக்கும் ஒரே அளவாக வையுங்கள். சண்டை வருவது பணத்தில் இல்லை, எழுத்தின் உயரத்தில்.

கணக்கில் இரண்டு கையெழுத்து, எண்ணிட்ட ரசீது, மாதக் கணக்கு ஒரு தாளில் அச்சிட்டுப் பாதை முகப்பில் ஒட்டுவது. இந்த மூன்றில் ஒன்று விட்டாலும் இரண்டாம் வசூல் நடக்காது.

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. இரண்டுக்கும் கேட்பவர் வரிசை நீளம். அங்கே போய்ச் சைக்கிள் பாதை என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். நிலையான, கண்ணுக்குத் தெரியும் ஒரு துண்டைக் கேளுங்கள்: வாய்க்காலைத் தாண்டும் சிறுபாலம், பாலத்தடிச் சாய்தளம், நெற்களம். ஒவ்வொன்றும் தனி வேலையாக, தனி மதிப்பீட்டோடு இருந்தால் ஏதாவது ஒன்று அந்த வருஷமே நடக்கும்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பராமரிப்புக்கு வழி அங்கேதான் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதே விதிகளில் தொடர் திட்டம் என்று ஒரு வகை உண்டு. தொடங்கிய நிதியாண்டு போக இன்னும் மூன்று வருஷம் வரை அது ஓடலாம். பெரும்பாலானவர்கள் ஒரே வருஷத்துக்குக் கேட்டு, பாதை போட்டு, நன்றிப் பலகை வைத்து முடித்துவிடுகிறார்கள். தொடர் திட்டமாக எழுதினால் பாதை போடும் வருஷமும் மூன்று பராமரிப்பு வருஷங்களும் ஒரே ஒப்பந்தத்தில் வந்துவிடும்.

இந்த நிதியை வாங்கும் அறக்கட்டளைக்கு 12ஏ, 80ஜி என்னும் வருமான வரிப் பதிவுகளும், சமூகப் பொறுப்பு நிதி பெறுவதற்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண்ணும் வேண்டும். இதே மாதிரிப் பணியில் மூன்று வருஷ அனுபவத்தையும் காட்ட வேண்டும். புதிதாக அறக்கட்டளை தொடங்கிய கையோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உள்ளூரில் ஏற்கெனவே குளம் தூர்வாரியோ மரம் நட்டோ பெயரெடுத்த அறக்கட்டளையோடு சேர்ந்து போவதே முறை. டெல்டாவில் ஆலைகள் குறைவு. 1904 முதல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி போல உள்ளூரிலேயே வேர் உள்ள நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவர்களிடம் சைக்கிளைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். கரை மண் அரிப்பு, பள்ளி மாணவிகளின் பயணம், கோயில்களுக்கு இடையிலான நடைபாதை, மூன்றும், எந்தப் பணிகளுக்குச் செலவிடலாம் என்று சொல்லும் கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பொருந்தும் இடங்களைக் காட்டி எழுதுங்கள்.

கும்பகோணத்துக்காரர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. அடுத்த மகாமகம் 2028இல். மகாமகத்துக்குச் சாலை, குளம், கழிப்பறை என்று நகரத்துக்குள் பணம் வரும். அந்தப் பட்டியல் முடிவாவதற்குள் சர்வே எண், வரைபடம், மதிப்பீடு மூன்றும் கையில் இருந்தால், நெரிசல் நாளில் ஊருக்குள் வண்டி வராமல் இருக்க ஆற்றங்கரை வழி என்று அதைச் சேர்க்கச் சொல்லலாம். மகாமகம் முடிந்த பின்னும் பாதை நிற்கும்.

போடும்போது எங்கே கெடுகிறது

கோடையில் களிமண் கரை விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருக்கும். அதன் மேலேயே கிராவல் கொட்டினால் உருட்டும்போதே வெடிப்புக்குள் இறங்கிவிடும், மழையில் மண் ஊதிப் பாதை அலைஅலையாகும். மேல்மண்ணை 15 சென்டிமீட்டர் கிளறி, நனைத்து, ஒரு நாள் விட்டு உருட்டிய பிறகே கிராவல். அதையும் ஒரே அடுக்காகக் கொட்டாமல் இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நனைத்து உருட்டுங்கள். அதிரும் உருளையைக் கரை விளிம்பில் விடவே கூடாது; விளிம்பிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி, அதிர்வில்லாத உருளை.

சாய்வு வயல் பக்கம் இருக்க வேண்டும், ஆற்றுப் பக்கம் இல்லை. 2.5 மீட்டர் அகலத்தில் 7 சென்டிமீட்டர் வித்தியாசம் போதும். ஆற்றுப் பக்கம் சாய்த்தால் மழைநீர் உள்சரிவை அரித்துக் கரையையே பலவீனமாக்கும். வயல் பக்கம் ஓடும் நீரும் எங்கே வேண்டுமானாலும் இறங்கினால் ஓடை வெட்டிவிடும். 30 மீட்டருக்கு ஓர் இடத்தில் கருங்கல் பதித்த சரிவு வைத்து அங்கே இறக்குங்கள். மற்ற இடமெல்லாம் வெட்டிவேர். நாற்று 15 சென்டிமீட்டருக்கு ஒன்று, வரிசை சரிவுக்குக் குறுக்கே.

பேவர் பிளாக் வேண்டாம். நகரத்துக்குள் நடைபாதைக்கு நன்றாக இருக்கும், ஆனால் கரை மண் வருஷத்துக்கு வருஷம் இறங்கும். பிளாக் ஒன்று தூக்கி ஒன்று தாழ்ந்து, மெல்லிய டயர் சைக்கிளை உதறிவிடும். பாதையில் கான்கிரீட் தேவைப்படுவது பாலத்தடி, சாய்தளம், மாடு இறங்கும் துறை, டிராக்டர் வயலுக்கு இறங்கும் இடம் ஆகிய நாலு இடங்களில் மட்டும்.

பாலத்தில் ஏறும் சாய்தளம் 20க்கு 1. கரைக்கும் பாலத்துக்கும் ஒரு மீட்டர் உயர வித்தியாசம் என்றால் 20 மீட்டர் நீளம் வேண்டும். இடமில்லை என்று 8 மீட்டரில் முடித்தால் சிறுமிகள் இறங்கித் தள்ளுவார்கள், வேகமாக இறங்குபவர்கள் நேரே நெடுஞ்சாலையில் போய் நிற்பார்கள். படித்துறையில் படியை உடைக்காமல், ஓரமாக ஒரு சாண் அகலத்துக்குச் சிமெண்டுக் கால்வாய் போட்டால் சக்கரத்தை அதில் உருட்டிக்கொண்டு போகலாம். செலவு மிகக் குறைவு, ஆனால் பாதை அறுபடாது.

விவசாயிகளோடு மூன்று விஷயங்களை முன்கூட்டியே பேசித் தீர்க்காவிட்டால் பாதை நிலைக்காது. முதலாவது, கேஜ் வீல். சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரத்தோடு டிராக்டர் ஒரே ஒரு தடவை போனால் கிராவல் கிழிந்துவிடும். போகாதே என்று சொல்ல முடியாது, வயலுக்கு வழி அதுதான் என்றால். வயலுக்கு இறங்கும் இடங்களை எண்ணி, அங்கே மட்டும் பாதைக்குக் குறுக்கே 4 மீட்டர் கான்கிரீட் பட்டை போட்டு, கரையில் நீளவாக்கில் ஓடாமல் குறுக்கே கடக்கும்படி செய்யுங்கள்.

இரண்டாவது, நெல். குறுவை அறுவடையிலும் சம்பா அறுவடையிலும் நல்ல தரை எங்கே கண்டாலும் நெல் காயப்போடுவார்கள். ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள் என்னும்போது அவர்கள் வேறென்ன செய்வார்கள்? பாதையை ஒட்டி அகலமான புறம்போக்கு இருக்கும் இடத்தில் ஒரு நெற்களத்தையும் அதே திட்டத்தில் கேளுங்கள். நெல்லின் மேல் சைக்கிள் வழுக்கி விழும், நெல்லும் வீணாகும். களம் இருந்தால் இரண்டும் இல்லை.

மூன்றாவது, ஆயில் என்ஜின் குழாய். ஆற்றிலிருந்து வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் இடங்களில் குழாய் பாதைக்கு மேலே கிடக்கும், அல்லது பாதையை வெட்டிப் புதைப்பார்கள். துறையின் அனுமதியோடு அந்த இடங்களில் முன்னதாகவே 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள உறைக்குழாய் புதைத்துவிடலாம். அது ஆற்றின் முழு நீர்மட்டத்துக்கு மேலே இருந்தே ஆக வேண்டும். கீழே போனால் குழாயை ஒட்டி நீர் கசிந்து உடைப்பு எடுக்கும்.

மறிக்கும் தூண்களுக்கு இடையே 1.2 மீட்டர். சைக்கிளும் சக்கர நாற்காலியும் போகும். கோழிக்கழிவு கொட்ட இரவில் வரும் லோடு ஆட்டோ போகாது. நல்ல பாதை போட்டதும் முதலில் வருவது குப்பைதான், அதனால் தூண் நட்ட பிறகே கிராவல் இறக்குங்கள். மோட்டார் பைக்கைத் தூணால் தடுக்க முடியாது. இன்னும் நெருக்கினால் சக்கர நாற்காலியும் போகாது. பைக்கை ஊர்க் கட்டுப்பாடுதான் நிறுத்தும்.

வழிகாட்டிப் பலகைக்கு இரும்புக் குழாய் நட்டால் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். மைல்கல் மாதிரி நாலரை அடிக் கருங்கல் தூண், ஒன்றரை அடி மண்ணுக்குள், எழுத்தை வெட்டி வண்ணம் தீட்டியது. திரும்பும் இடங்களில் மதகுச் சுவர்மீதே அம்புக்குறி. விளக்குக் கம்பம் வேண்டாம் என்பது எங்கள் முடிவான கருத்து. இரவில் கரையில் விரியன் இருக்கும், ஆளை அழைக்கக் கூடாது.

ஆள் வரவைப்பது

சுற்றுலாப் பயணியை நினைத்து விளம்பரத்தைத் தொடங்காதீர்கள். அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் 11ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லாச் சைக்கிள் தருகிறது. அந்தச் சைக்கிள்கள் இப்போது பேருந்துக்கும் டிப்பருக்கும் நடுவே போகின்றன. பாதையின் ஒரு முனை பள்ளி வாசலில் முடிந்தால் முதல் நாளே ஆள் இருக்கும். சைக்கிள் வழங்கும் நாளில் தலைமையாசிரியரிடம் கேட்டு ஒரு தாள் கொடுங்கள். ஊர்ப் பெயர், தூரம், எத்தனை நிமிடம், எங்கே தண்ணீர், எங்கே கழிப்பறை. அம்மாக்கள் படிப்பது அந்தத் தாளைத்தான்.

சைக்கிள் கடைக்காரர்தான் அடுத்த கூட்டாளி. கருவேல முள் வெட்டிய பிறகு வாரியால் வாரி எடுக்காவிட்டால் ஒரே வாரத்தில் பாதைக்குப் பஞ்சர் பாதை என்று பெயர் வந்துவிடும், அதன் பிறகு எந்த விளம்பரமும் எடுபடாது. மூன்று நாலு கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடையில் சங்கிலி போட்ட காற்றுப் பம்பு, ஒட்டு, சொல்யூஷன், வால்டியூப், ஸ்பேனர் வைத்துவிடுங்கள். கடைக்காரருக்கு வியாபாரம், ஓட்டுபவருக்குத் தைரியம்.

வெளியூர்க்காரர்களுக்கான காலம் மார்கழி, தை. ஆறு நிறையத் தண்ணீர், வயல் பச்சை, வெயில் இல்லை. கோயிலிலிருந்து கோயிலுக்கு என்று 20 கிலோமீட்டருக்குள் முடியும் வட்டமாக அறிவியுங்கள். நேர்கோட்டுப் பாதையில் திரும்பி வரும் அலுப்பு இருக்கிறது. வாடகைச் சைக்கிளுக்குத் தனிக் கடை வைத்தால் ஆள் சம்பளத்துக்கே கட்டாது. தங்கும் விடுதிகளில் நாலு நாலு சைக்கிள் வைப்பதே நடக்கக்கூடியது. ஆடி, ஆவணியில் வருகிறவர்களுக்கு மேல்காற்றைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். விடியலில் மேற்கே போய், காற்று ஏறிய பிறகு கிழக்கே திரும்பினால் காற்றே தள்ளிக்கொண்டு வரும். ஆடிப்பெருக்கு அன்று கரை முழுக்கக் குடும்பங்கள். அன்று கூட்டுச் சவாரி எதுவும் வைக்காதீர்கள், சைக்கிளை நிறுத்திவிட்டுச் சித்திரான்னம் சாப்பிடும் நாள் அது.

வடகிழக்குப் பருவமழையில் பாதை வழுக்கினால் மூடியிருக்கிறது என்று அன்றே பலகை வையுங்கள், வாட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள். மூடியதைச் சொல்லாமல் விட்டு ஒருவர் ஆற்றில் விழுந்தால் அனுமதி கொடுத்த அதிகாரி அடுத்த வருஷம் கையெழுத்துப் போடமாட்டார்.

எண்ணிக்கையை விடாமல் எடுங்கள். ஒரு புதன்கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை 6 முதல் 9, மாலை 4 முதல் 6.30, இரண்டு பேர், 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம். மாணவி, மாணவர், பெண், ஆண், வயல் சாமான் ஏற்றிய சைக்கிள், மோட்டார் பைக் என்று ஆறு பத்தி. ஜனவரி, ஜூலை, அக்டோபர் என வருஷத்தில் மூன்று தடவை. பாதை போடும் முன்பே முதல் எண்ணிக்கை எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் எவ்வளவு கூடினாலும் ஒப்பிட எதுவும் இருக்காது. நிதி கேட்டுப் போகும் இடத்தில் புகைப்படத்தைவிட இந்த ஒரு தாள் பேசும், அதிலும் மாணவிகளின் பத்தி.

பராமரிப்பு

குடிமராமத்து என்ற சொல் டெல்டாக்காரர்களுக்குப் பழக்கம். ஊரே சேர்ந்து வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் பழைய முறை. 2017இல் அரசு அந்தப் பெயரிலேயே திட்டமும் கொண்டுவந்தது. பாதைக்கும் கிலோமீட்டருக்கு ஓர் ஊர் என்று பிரித்துக் கொடுங்கள். வேலை அதிகமில்லை: வருஷத்துக்கு மூன்று முறை முள் வெட்டி வாருதல், மழை முடிந்ததும் தையில் பள்ளம் நிரப்புதல், கோடையில் கிராவலில் பத்தில் ஒரு பங்கு, அதாவது கிலோமீட்டருக்கு 17 யூனிட், மேலே சேர்த்து உருட்டுதல். எலி வளையும் நண்டு வளையும் கண்டால் தாங்களே மூடாமல் லஸ்கருக்குச் சொல்ல வேண்டும். மேலே மண் தள்ளி மூடினால் உள்ளே ஓட்டை அப்படியே இருக்கும், வெள்ளத்தில் அதுவே உடைப்பாகும்.

மே கடைசி வாரத்தில் லஸ்கரையும் கூட்டிக்கொண்டு முழுப் பாதையையும் ஒரு தடவை சைக்கிளில் போய் வாருங்கள். நடுத்தூணின் பூட்டுகளை எண்ணெய் போட்டுத் திறந்து பாருங்கள், சாவி அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்த இரண்டு வாரத்தில் தண்ணீர் வந்துவிடும்.